காலால் வாசிக்கத் தொடங்கலாம்

என் மகளுக்கு மூன்றரை வயதில் அ முதல் ஃ வரை பாட்டு மாதிரி வரும், ஆனால் ‘படம்’ என்று எழுதிக் காட்டினால் என் முகத்தைத்தான் பார்ப்பாள். நாங்கள் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி, முற்றம் கிடையாது, இருந்தாலும் அவளை மேசையிலிருந்து எழுப்பி நிலத்தில் கெந்த (ஒற்றைக் காலில் துள்ள) விட்ட பிறகுதான் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின.

சும்மா எழுத்தைக் கத்திக்கொண்டு ஓட விட்டால் பிள்ளைக்கு ஓட்டம்தான் ஞாபகம் இருக்கும். காலும் வாயும் ஒரே அளவில் போக வேண்டும். நம் இலக்கணம் ஒலியைக் கண்ணிமைப்பாலும் கைநொடியாலும்தானே அளக்கிறது? குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை. அதையே காலுக்குக் கொண்டுவந்தேன். குறில் என்றால் ஒரு கெந்தல். நெடில் என்றால் இரண்டு காலும் சேர்த்து ஒரு நீளப் பாய்ச்சல், நிலத்தில் விழும்வரை ‘பா’ என்று இழுக்க வேண்டும். புள்ளி வைத்த எழுத்து வந்தால் டக்கென்று நின்றுவிட வேண்டும்.

247 எழுத்தையும் நினைத்துப் பயப்படாதீர்கள். முதல் வாரத்துக்கு ட, ப, ம, ஒரு புள்ளி, ஓர் அரவு (துணைக்கால்), அவ்வளவு போதும். தாளில் எழுதி வைத்தால் டைல்ஸில் வழுக்கும், அதனால் மாஸ்கிங் டேப்பைக் கிழித்து நிலத்திலேயே எழுத்தாக ஒட்டுங்கள், பிள்ளையின் இரண்டு பாதமும் அடங்குகிற அளவுக்கு. மொட்டை மாடி இருந்தால் வெண்கட்டியே போதும். ‘படம்’ என்றால் கெந்தல், கெந்தல், நிற்றல். ‘பாடம்’ என்றால் பாய்ச்சல், கெந்தல், நிற்றல். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தபோதுதான் ஓர் அரவு சொல்லையே மாற்றிவிடுகிறது என்பது அவளுக்குப் பிடிபட்டது. ‘பட்டம்’ இன்னும் நல்லது, நடுவிலும் ஒரு தரம் நிற்க வேண்டும், அப்புறம் ஒரு பின்னேரம் கடற்கரையோரக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போய் நிஜப் பட்டத்தையும் காட்டலாம். ‘படம்’ என்ற சொல்லில் வருகிற ட மெலிந்து ஒலிக்கிறதே என்று விளக்கப் போக வேண்டாம், வேகமாகச் சேர்த்துச் சொல்லும்போது காதே பிடித்துக்கொள்ளும்.

பலர் விட்டுவிடுவது இதற்குப் பிறகு வருவதைத்தான். கெந்தலை நாளுக்கு நாள் குறைக்க வேண்டும். முதலில் எழுத்துகளைக் கிட்டக் கிட்ட ஒட்டுங்கள், இடைவெளி குறையக் குறைய ஒலியும் சேரும். பிறகு கெந்தாமல் நடக்கட்டும், பிறகு அதே சொல்லைத் தாளில் பெரிதாக எழுதி விரலைக் கெந்த விடுங்கள், கடைசியில் கண் மட்டும் போகும். எங்களுக்கு இதற்கு ஒன்றரை மாதம் எடுத்தது, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதுவும் பின்னேரம் ஐந்து மணிக்கு, கீழ்வீட்டுக்காரர் ஓய்வெடுக்கும் நேரம் இல்லாமல் பார்த்து. நடுவில் ஒருநாள் காலி வீதியில் (Galle Road) ‘பாமசி’ (மருந்துக்கடை) என்ற பலகையைப் பார்த்து ‘பா’வுக்குத் துள்ளினாள், ‘ம’வுக்குக் கெந்தினாள், சி தெரியாமல் ஒற்றைக் காலில் நின்று என்னைப் பார்த்தாள். அன்றைக்கே வீட்டில் சி ஒட்டினோம்.

கொம்பு வரும்போதுதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள், ஏனென்றால் கெ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. இதற்கு இரண்டு மூன்று பிள்ளைகள் வேண்டும், மாமா மக்கள் வந்து நிற்கும் ஞாயிற்றுக்கிழமை சரியான நாள். ஒரு பிள்ளை கையில் க அட்டை, இன்னொரு பிள்ளை கொம்பு அட்டையுடன் பார்ப்பவருக்கு இடப்பக்கமாக வந்து கை கோக்கட்டும், கோத்த பிறகுதான் இருவரும் சேர்ந்து ‘கெ’ என்று கெந்தலாம். கை கோக்காமல் யாரும் வாய் திறக்கக் கூடாது, அதுதான் விதி. கொ என்றால் மறுபக்கம் அரவு அட்டையுடன் மூன்றாவது பிள்ளை, மூவருக்கும் சேர்த்து ஒரே கெந்தல். இரட்டைக் கொம்பாக மாற்றினால் கோ, மூவரும் கையை விடாமல் ஒரே பாய்ச்சல். சிங்கள எழுத்திலும் கொம்பு முன்னால்தான் வரும், முன்பள்ளியில் அதையும் படிக்கிற பிள்ளை என்றால் அந்த அட்டைகளையும் செய்து இதே விளையாட்டை விளையாடுங்கள்.