நாவலைத் தொடங்கும் முன் கதையைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

கம்பம், போடி, குமுளி பக்கம் நாவல் எழுத ஆசைப்படுகிறவர்களிடம் என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டால், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் பெண்களைப் பற்றி என்பார்கள், முல்லைப்பெரியாறு பற்றி என்பார்கள், இல்லையென்றால் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் எங்கள் ஊரைப் பற்றி என்பார்கள். எல்லாமே எழுதப்பட வேண்டியவைதான். ஆனால் இதெல்லாம் களம், இன்னும் கதை ஆகவில்லை. களத்தை மட்டும் நம்பி உட்கார்ந்தால் மலை, பனி, செக்போஸ்ட் என்று கொஞ்சப் பக்கம் ஓடும், அதற்கு மேல் யார் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும். அதனால் முதல் அத்தியாயத்துக்கு முன் இந்த வேலைகளைச் செய்துவிடுங்கள்.

1. கூட்டத்திலிருந்து ஓர் ஆளைப் பிரித்தெடுங்கள்

"தோட்டத்துப் பெண்கள்" வேண்டாம், ஒரு பெண் போதும். விடிவதற்கு முன்னால் கம்பத்தில் ஜீப் ஏறி கம்பம்மெட்டு வழியாக மேலே போகிற பேச்சியம்மாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு என்ன வேண்டும்? "நல்ல வாழ்க்கை" என்று எழுதாதீர்கள், அது எல்லாருக்கும் வேண்டியதுதான். கையால் தொட்டுக் காட்டுகிற மாதிரி ஒன்றைச் சொல்லுங்கள். ஜீப்புக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பு அவளுக்கு வேண்டும். அது இப்போது யாரிடம் இருக்கிறது? அவளை வேலைக்குக் கூட்டிவந்த மதினியிடம்.

இப்போது ஒரே வரியில் எழுதுங்கள்: தன்னைக் கைபிடித்துக் கூட்டிவந்த மதினியிடமிருந்தே அந்தப் பொறுப்பை வாங்க நினைக்கிறாள் பேச்சியம்மாள், வாங்கினால் அண்ணன் வீட்டு வாசல் அவளுக்கு அடைபடும். யார், என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள், எது போகும் என்ற நான்கும் அந்த வரியில் இருக்க வேண்டும். முக்கியமாகக் கடைசி ஒன்று. இழக்க எதுவும் இல்லாதவளின் கதை நாவல் நீளத்துக்குத் தாங்காது.

2. வருஷத்தை மாற்றிப் பாருங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிற சோதனை இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். இதே வரியை 2011 டிசம்பரில் வையுங்கள். அணைப் பிரச்சினையில் எல்லை கொதித்துக்கொண்டிருக்கிறது, மேலே வேலைக்குப் போனவர்கள் பயந்து இறங்கி வருகிறார்கள். அந்த நேரத்தில் மதினியும் நாத்தனாரும் போடும் சண்டை பெரிய சத்தத்துக்குள் காணாமல் போய்விடும். 2019க்கு நகர்த்துங்கள். 2018 வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் அடிவாங்கி, விளைச்சல் குறைந்து, ஏலக்காய் கிலோ 4,000 ரூபாயைத் தாண்டிய வருஷம். காய் எடுக்கக் கை வேண்டும், அதனால் ஆள் சேர்ப்பவளுக்கு மரியாதை கூடும், சண்டைக்கும் காரணம் கூடும். அடுத்து 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லையை மூடிவிடுகிறார்கள். எல்லாரையும் பகைத்துக்கொண்டு அவள் பிடித்த பொறுப்புக்கு இப்போது ஒரு மதிப்பும் இல்லை, ஆனால் அவளை நம்பி வந்த பெண்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். பாருங்கள், ஒரு சிறுகதையாக முடிந்திருக்க வேண்டியது இங்கேதான் நாவலாகிறது.

3. சம்பவங்களைக் கோத்துப் பாருங்கள்

தெரிந்த சம்பவங்களைத் துண்டுச்சீட்டில் எழுதி வரிசையாக வையுங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு "அதனால்" என்றோ "ஆனால்" என்றோ போக முடிகிறதா? "அப்புறம்" மட்டும்தான் பொருந்துகிறது என்றால் அந்த இடம் இளகியிருக்கிறது, அங்கே ஒரு காரணத்தைத் தேடுங்கள்.

4. வாய்விட்டுச் சொல்லுங்கள்

நாவலே படிக்காத ஒருவரிடம் ஐந்து நிமிஷத்தில் கதையைச் சொல்லுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்க வேண்டாம், முகத்துக்கு நேராக "இல்லை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு நாள் கழித்து, "நான் சொன்னேனே, அந்தக் கதையைத் திருப்பிச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் நினைவில் நின்றதுதான் உங்கள் கதையின் முதுகெலும்பு. அவர் விட்டுவிட்டதில் பாதியை நீங்களும் விட்டுவிடலாம்.

அடுத்து, அந்த வேலை செய்த ஓர் அக்காவிடம் சொல்லுங்கள். பறித்த காய் மறுநாள் வரை சாக்கில் கிடக்கிறது என்று நீங்கள் சொன்னால், "அது எப்படிக் கிடக்கும், அன்னைக்கே ஸ்டோர்ல காயவைக்கணும், இல்லேன்னா பச்சை போயிரும், விலை கிடைக்காது" என்று நடுவிலேயே நிறுத்துவார். அதைத் தகவல் பிழை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். காய் காத்திருக்காது என்றால், ஜீப் வராத ஒரே ஒரு காலை முதலாளிக்கும் பேச்சியம்மாளுக்கும் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள், ஒரு அத்தியாயமே கிடைக்கும். முடிந்தால் குமுளியில் ஒரு மலையாளி நண்பரிடமும் சொல்லிவிடுங்கள், தோட்டத்து சூப்பர்வைசரை நீங்கள் வெறும் வில்லனாக வைத்திருந்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

5. நடுவிலிருந்து ஒரு காட்சி எழுதுங்கள்

தொடக்கத்தை எழுத வேண்டாம், அதை எல்லாரும் நன்றாகவே எழுதிவிடுவார்கள். ஜீப்புக்குள் எல்லாப் பெண்களும் கேட்டுக்கொண்டிருக்க, மதினியும் பேச்சியம்மாளும் வாய் கொடுத்துக்கொள்ளும் காட்சியை இரண்டு பக்கம் எழுதுங்கள். மேலே போய் இறங்கியதும் சூப்பர்வைசரிடம் "சேட்டா" என்று குரலை மாற்றிப் பேசுவதும் அதில் வரட்டும், இரண்டு பேச்சும் உங்கள் காதில் விழுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

காட்சி நகரவில்லை என்றால் உடனே கதையைத் தூக்கிப் போட வேண்டாம். அதே சண்டையை மதினியின் பக்கத்திலிருந்து எழுதிப் பாருங்கள். பேனா அங்கே வேகமாக ஓடினால் கதை அவளுடையது. முதல் படிக்குத் திரும்பி அந்த ஒற்றை வரியை மதினிக்காகப் புதிதாக எழுதுங்கள். அவளுக்கு என்ன வேண்டும், எது போகும் என்பது அந்த வரியில் வந்துவிட்டால் முதல் அத்தியாயத்தைத் தொடங்கலாம்.