கியூபா ஏவுகணை நெருக்கடியை இரண்டு பீரியடில் நடத்துவது எப்படி

பனிப்போர் பாடம் வந்தாலே பிளஸ் டூ பிள்ளைகள் மனப்பாடத்தில் இறங்கிவிடுவார்கள். கியூபாவில் சோவியத் ஏவுகணை, 1962 அக்டோபர், பதின்மூன்று நாள், அமெரிக்க அதிபர் கென்னடி, சோவியத் தலைவர் குருஷேவ். ஐந்து மதிப்பெண்ணுக்கு அது போதும். நான் சில வருடமாக இந்தப் பாடத்தை ஒரு நூல்கண்டும் கொஞ்சம் துண்டுச்சீட்டும் வைத்து நடத்துகிறேன்.

முதலில் உலக உருண்டை. சுவர் வரைபடம் வேண்டாம். வடக்கே போகப் போக அதில் தூரம் இழுபட்டுத் தெரியும். எங்கள் பள்ளி உருண்டை 30 செ.மீ. விட்டம். அதில் 1 செ.மீ. என்பது ஏறக்குறைய 425 கி.மீ. ஐந்து செ.மீ. நூல் வெட்டிக்கொள்ளுங்கள். சோவியத் ஆர்-12 ஏவுகணை சுமார் 2,000 கி.மீ. பாயும், அந்த அளவுதான். ஒரு முனையை மேற்குக் கியூபாவில் வையுங்கள், மறுமுனை வாஷிங்டனுக்கு எட்டிவிடும். வகுப்பு சத்தம் போடும். அது அடங்குவதற்குள் அதே நூலைத் துருக்கியின் இஸ்மிருக்கு நகர்த்துங்கள். இப்போது மாஸ்கோ எட்டும். அந்தப் பக்கம் அமெரிக்காவின் 15 ஜூபிடர் ஏவுகணைகள் ஏற்கெனவே நின்றிருந்தன. இங்கே நான் எதையும் விளக்குவதில்லை, சும்மா நிற்பேன்.

அப்புறம் பின்கதை, ஐந்து நிமிடம் போதும். கியூபாவில் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தபின், கம்யூனிசம் தன் வாசலுக்கே வந்துவிட்டது என்று அமெரிக்கா பதறியது. 1961 ஏப்ரலில், அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ பயிற்சி கொடுத்த சுமார் 1,400 கியூப அகதிகள் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் இறங்கித் தோற்றார்கள். மறுபடி வருவார்கள் என்று காஸ்ட்ரோ நம்பியதில் தப்பில்லை. அணு ஆயுத எண்ணிக்கையிலோ சோவியத் வெகுவாகப் பின்தங்கியிருந்தது. கியூபாவுக்கு ஏவுகணை வந்ததற்கு இந்த இரண்டும் காரணம்.

இரண்டாவது பீரியடில் விளையாட்டு. வாஷிங்டன் குழு வகுப்பறையில், மாஸ்கோ குழு வராந்தாவின் மறுகோடியில். பேசக் கூடாது, கடிதம் மட்டும். ஒவ்வொரு கடிதத்தையும் பத்து நிமிடம் நீங்கள் கையிலேயே வைத்திருந்துவிட்டுக் கொடுங்கள். அந்த எரிச்சல்தான் பாடம். குருஷேவின் அக்டோபர் 26 கடிதம் முழுதாக வாஷிங்டன் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆனது. அதற்குப் பதில் போவதற்குள், 27ஆம் தேதி, துருக்கி ஏவுகணைகளையும் எடுக்கச் சொல்லி இன்னொரு கடிதம் வந்துவிட்டது. 1963இல் இரு தலைநகருக்கும் நேரடி இணைப்பு போட்டதே இந்த அவதியால்தான். (அது சிவப்பு டெலிபோன் இல்லை, டெலிபிரின்டர். யாராவது ஒருவர் கேட்டே தீருவார்.)

கியூபாவுக்கு ஆயுதம் கொண்டுபோகும் கப்பல்களை அமெரிக்கக் கடற்படை தடுத்ததை "முற்றுகை" என்று யாராவது எழுதினால் அடித்துவிட்டு "குவாரன்டீன்" என்று எழுதச் சொல்லுங்கள். முற்றுகை போர்ச் செயலாகிவிடும் என்பதால் கென்னடி தேர்ந்தெடுத்த சொல் அது. கொரோனா பார்த்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல் புதிதில்லை.

நடுவில் மூன்று பேரைத் தனியே கூப்பிட்டு ஒரு சீட்டு கொடுங்கள்: "நீங்கள் சோவியத்தின் பி-59 நீர்மூழ்கியில் இருக்கிறீர்கள். வானொலித் தொடர்பு இல்லை. மேலே வெடிச்சத்தம். உங்களிடம் ஓர் அணு டார்பிடோ. மூவரும் ஒப்புக்கொண்டால் ஏவலாம்." முடிவு வந்த பிறகே, நிஜத்தில் அந்த மூவரில் ஒருவரான அர்கிபோவைப் பற்றிச் சொல்லுங்கள். அவர்தான் மறுத்தவர் என்று அந்தக் கப்பலில் இருந்த ஓர் அதிகாரி பின்னாளில் சொன்னார். என் வகுப்பில் ஒரு வருடம் மூவரும் சிரித்துக்கொண்டே சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மணி அடிக்கும்வரை அந்த வகுப்பில் சத்தமே இல்லை.

கடைசிச் சீட்டு ஜூபிடர் ஒப்பந்தம். அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடியாக ஒருவர், சோவியத் தூதர் டோப்ரினினாக ஒருவர், இருவருக்கு மட்டும் தெரியட்டும். துருக்கியிலிருந்து ஏவுகணைகள் போகும், ஆனால் வெளியே சொல்லக் கூடாது. மற்றவர்கள் "கென்னடி ஜெயிச்சுட்டார்" என்று கத்தட்டும், அதற்கப்புறம் சீட்டைப் படியுங்கள்.

நான் முதன்முறை நடத்தியபோது ஒரு பெண் எழுந்து, "மிஸ், கியூபாக்காரங்க எங்கே உட்காரணும்?" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. இப்போது நான்கு பேரை வாசலில் உட்கார வைக்கிறேன். அவர்களுக்குக் கடிதமோ சீட்டோ எதுவும் தருவதில்லை. ஏவுகணைகளைத் திரும்பப் பெறுகிறோம் என்று அக்டோபர் 28இல் மாஸ்கோ வானொலி அறிவித்ததை மட்டும் உரக்கப் படிப்பேன். காஸ்ட்ரோவிடம் முன்கூட்டி யாரும் கேட்கவில்லை. வாசலில் இருக்கும் நால்வருக்கும் கோபம் வரும். வரட்டும், எழுதச் சொல்லுங்கள்.