மூடிய பர்னர் கேஸ் கிரில்: பழைய பழக்கங்களால் வரும் வினை

திறந்த தீயில் வாட்டிப் பழகியவர்கள் மூடிய பர்னருக்கு மாறும்போது பழைய பழக்கங்களையும் கூடவே கொண்டுவருகிறார்கள். நாங்கள் எல்லாரும் செய்ததுதான். கேஸ் கசிவு, ஹோஸ் இணைப்பு பற்றியெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது, அதை விடுகிறேன்.

திறந்த பர்னரில் தீயும் சூடான வாயுவும் நேராக உணவில் படும். மூடிய வகையில் தீ ஒரு உலோகத் தகட்டையோ நுண்துளைப் பீங்கானையோ சூடாக்குகிறது. அது வீசும் அகச்சிவப்புக் கதிர்தான் பெரும்பாலும் சமைக்கிறது. சூடான காற்று அவ்வளவாக வீசாததால் இறைச்சி குறைவாகத்தான் வறளும்.

தீ தெரியவில்லை என்று குமிழைத் திருகுவது

தகடு சூடேற நேரம் பிடிக்கும், ஆற அதைவிட அதிக நேரம். பொறுங்கள்.

தண்ணீர்

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். கொழுப்பு சொட்டிக் குப்பென்று பற்றியதும், கரி அடுப்பில் தெளிப்பது போல ஒரு நண்பர் குவளைத் தண்ணீரை ஊற்றினார். 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அன்று கிரில் வேலை செய்தது. சில நாள் கழித்து பர்னருக்கு உள்ளேயிருந்து இரைச்சல், அப்புறம் முன்பக்கக் குமிழ்கள் சூட்டில் இளகத் தொடங்கின. பர்னரையே மாற்ற வேண்டியதாயிற்று.

பீங்கான் தகடு 800 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகக்கூடியது. திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடும். நுண்துளைகள் வழியாக வாயு வேகமாக வெளியேறிக்கொண்டிருக்கும் வரைதான் தீ மேற்பரப்பில் நிற்கும். விரிசல் அகலமானால் தீ பின்வாங்கி உள்ளேயே எரியும், ஆபத்து அதுதான். போதாக்குறைக்கு, எரியும் கொழுப்பில் தண்ணீர் பட்டால் அது நாலாபக்கமும் தெறிக்கும்.

பற்றினால் கேஸை நிறுத்துங்கள், முடிந்தால் உணவை நகர்த்துங்கள். சுத்தம் செய்வதும் தண்ணீரால் அல்ல: கையேடு சொல்லும் நேரம் முழுத் தீயில் எரியவிட்டு, நன்றாக ஆறிய பிறகு மென்மையான பிரஷ் போதும். கம்பி பிரஷ் பீங்கானைத் தொடவே கூடாது. மழையில் நனைந்த பீங்கானையும் முழுக்கக் காயவிட்டே பற்றவையுங்கள்.

மூடியிலுள்ள தெர்மாமீட்டரை நம்புவது

அது காட்டுவது காற்றின் சூட்டை. கதிர் அடிக்கும், உணவு வைக்கும் கம்பிகளின் மேல் நிலைமை வேறு: வெளியே கருகியிருக்கும், உள்ளே வெந்திருக்காது. கோழியென்றால் குத்தும் தெர்மாமீட்டரில் நடுப்பகுதி 74 டிகிரி காட்ட வேண்டும்.

சர்க்கரை மசாலாவை ஆரம்பத்திலேயே தடவுவது

கருகிவிடும். கடைசியில் தடவுங்கள்.

தகட்டின்மேல் அலுமினியத் தாள்

வேண்டாம்.