இணைகோடுகள் பாடம் எடுக்கப் போகிறீர்களா? இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்

எங்கள் டியூஷனுக்குப் பாடம் எடுக்க வரும் கல்லூரிப் பிள்ளைகள், கோடுகள் பாடத்துக்கு வந்ததும், பழைய ஆட்களான நாங்கள் ஒரு காலத்தில் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஸ்கேல் நகர்ந்து கோடு கோணலாவது, கோணமானியில் மறுபக்கத்து எண்ணைப் படித்துவிடுவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். நான் சொல்ல வருவது வேறு.

"தொடாத கோடுகள்தான் இணைகோடுகள்" என்று சொல்லிவிடுவது

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். சொல்வதற்குச் சுலபம், பிள்ளைகளும் உடனே தலையாட்டுவார்கள், அதனால்தான் எல்லோரும் இதையே பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு தடவை 5ஆம் வகுப்புப் பையன் ஒருவனின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். கூரை மாதிரி சாய்ந்த இரண்டு சின்னக் கோடுகள், உச்சியில் மட்டும் கொஞ்சம் இடைவெளி. கீழே 'இணைகோடுகள்' என்று அழகாக எழுதியிருந்தான். ஏன்டா என்று கேட்டால், "ரெண்டும் தொடலையே மிஸ்." அவனைக் குறை சொல்ல முடியாது, சொல்லிக்கொடுத்ததைத்தான் எழுதியிருக்கிறான்.

பென்சிலைக் கொடுத்து இரண்டு கோட்டையும் மேலே நீட்டச் சொன்னேன். இரண்டு விரல் அளவு போவதற்குள் வெட்டிக்கொண்டன. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "அப்போ எல்லாக் கோடும் எங்கேயாவது போய் வெட்டிடுமா மிஸ்?" என்றான். பாடத்தை ஆரம்பிக்க வேண்டிய இடமே இந்தக் கேள்விதான். கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் சுமார் 2,300 வருடத்துக்கு முன்னாலேயே, இணைகோடுகள் என்றால் ஒரே தளத்தில் இருந்து, இரண்டு பக்கமும் எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காத நேர்கோடுகள் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். நாம்தான் 'நீட்டினாலும்' என்பதைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம். புத்தகத்தில் கோட்டின் இரு முனையிலும் அம்புக்குறி போட்டிருப்பது அழகுக்காக இல்லை, கோடு இன்னும் போகிறது என்று காட்டத்தான். அதை ஒருமுறையாவது சொல்லுங்கள்.

'ஒரே தளத்தில்' என்பதையும் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். வகுப்பறையில் எதிர்ச்சுவரின் மேல்விளிம்பையும், பின்சுவரில் இருக்கும் கதவின் நிலைக்காலையும் கையால் காட்டுங்கள். எவ்வளவு நீட்டினாலும் இரண்டும் தொடாது, ஆனால் இணையும் இல்லை.

அடுத்தது, இணையா இல்லையா என்று சோதிப்பது. இரண்டு இடத்தில் இடைவெளியை அளந்து பார் என்போம். பிள்ளை ஓரிடத்தில் ஸ்கேலை நேராக வைக்கும், இன்னோரிடத்தில் சாய்த்து வைக்கும். 4 செ.மீ. இடைவெளி 4.3 என்று வந்துவிடும், சரியான இணைகோட்டை இல்லை என்று அடித்துவிடும். மூலைமட்டத்தின் ஒரு விளிம்பைக் கோட்டின் மேல் ஒட்டி வைத்து, செங்கோணத்தில் அளக்க வேண்டும். அப்படியானால் செங்கோணத்தை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தானே இணைகோட்டுக்கு வர வேண்டும்? பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது.

'தொடாததுதான் இணை' என்று சொல்லிவிடுவதால் வரும் பெரிய நஷ்டம் 7ஆம் வகுப்பில், குறுக்குவெட்டி, அதாவது இரண்டு கோடுகளையும் வெட்டிக்கொண்டு போகும் கோடு, வரும்போது தெரியும். ஒத்த கோணங்கள் (இரண்டு வெட்டுமிடத்திலும் ஒரே பக்கத்தில், ஒரே நிலையில் இருப்பவை) சமம் என்பது இணைகோடுகளுக்கு மட்டும்தான். தொடாததெல்லாம் இணை என்று மனதில் பதிந்த பிள்ளை எந்தப் படத்தைப் பார்த்தாலும் கோணங்களைச் சமம் என்று போட்டுவிட்டு வரும். ஏன் மார்க் போனது என்று அதற்கும் தெரியாது, வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரியாது. கணக்கு வராத பிள்ளை என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

தண்டவாளத்தைப் படத்தில் காட்டுவது

உதாரணம் நல்லதுதான், போட்டோதான் கெடுக்கும். தூரத்தில் இரண்டும் ஒரு புள்ளியில் சேர்கிற மாதிரி இருக்கும், பிள்ளை அதைத்தான் நம்பும். அதற்குப் பதில் எண்ணைச் சொல்லுங்கள்: நம் ஊர் அகலப்பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1,676 மி.மீ. நேரான பாதையில் எங்கே அளந்தாலும் ஏறக்குறைய அதுதான். வளைவிலும் இடைவெளி கிட்டத்தட்ட மாறாது, ஆனால் அங்கே இருப்பது நேர்கோடே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகள் செங்குத்துக் கோட்டுக்கு உதாரணம், தனியாக ஒன்று தேட வேண்டாம்.

செங்குத்துக்குக் கூட்டல் குறியை மட்டும் வரைவது

சாய்த்தும் வரையுங்கள். 'ப' என்று பெரிதாக எழுதி நோட்டைத் திருப்பச் சொல்லுங்கள். எப்படித் திருப்பினாலும் இரண்டு கால்களும் இணைதான், அடிக்கோடு இரண்டுக்கும் செங்குத்துதான். பெரிய பிள்ளைகள் என்றால், கொத்தனார் மூலை பார்க்கிற 3 அடி, 4 அடி, 5 அடி கணக்கை (இந்த அளவில் பக்கங்கள் உள்ள முக்கோணத்தில் 3-க்கும் 4-க்கும் நடுவே செங்கோணம்) வாசலில் கயிறு கட்டிக் காட்டலாம், மறக்கவே மாட்டார்கள்.

வெட்டும் கோடுகள், செங்குத்துக் கோடுகள் என்று தனித்தனிக் கட்டம் போடுவது

செங்குத்துக் கோடுகளும் வெட்டும் கோடுகள்தான்.

கட்டம் போட்ட நோட்டில் ஆரம்பிப்பது

வேண்டாம். கட்டமே பதிலைச் சொல்லிவிடும்.

வெள்ளைத்தாளை எப்படியோ ஒரு மடிப்பு மடித்துப் பிரிக்கச் சொல்லுங்கள். அந்த மடிப்புக்கோடு தன் மேலேயே படியும்படி இன்னொரு மடிப்பு, பிரித்துவிட்டு வேறோரிடத்தில் அதே மாதிரி மூன்றாவது மடிப்பு. விரித்துப் பார்த்தால் முதல் கோட்டுக்குச் செங்குத்தாக இரண்டு கோடுகள், அவை ஒன்றுக்கொன்று இணை. ஏன் இணை என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள், கொஞ்ச நேரம் சண்டை போடட்டும்.