கவிழ்த்துப் போட்ட தாள்: பழங்காலக் காதல் கதையில் கடதாசி விளையாட்டை வைப்பது எப்படி?

என் முதல் கதையில் நாயகன் ராஜாவைப் போட்டு ஜாக்கைப் பிடித்தான். விளையாட்டோ 304. மட்டக்களப்பு, கல்லடி வீட்டுத் திண்ணையில் அதை வாசித்த அம்மம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உன் மாப்பிள்ளைக்கு விளையாடத் தெரியாது பிள்ளை" என்றார். 304இல் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10. ராஜாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் சும்மா. 32 தாளையும் கூட்டினால்தான் 304 வரும்.

ஆகவே வசனத்துக்கு முன் ஆட்டத்தைத் தெரிவுசெய்யுங்கள். கதை 1810களின் இங்கிலாந்தில் நடந்தால், இருவரை மட்டும் உட்காரவைக்கப் பிக்கே இருக்கிறது. நால்வருக்கு விஸ்ட்: கூட்டாளிகள் எதிரெதிரே இருப்பார்கள், வாய் திறக்கக்கூடாது, கண்ணுக்குத்தான் வேலை. ஆனால் அதில் துரும்பு, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனம், எதுவென்று மேசைக்கே தெரியும். ஒளிக்க ஒன்றுமில்லை.

மட்டக்களப்புக் கதைக்கு 304ஐ விடச் சிறந்தது எனக்குத் தெரியாது. கேள்வியில், அதாவது ஏலத்தில், வென்றவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். முதலில் இறங்கிய இனம் கையில் இல்லாதவர் தம் தாளையும் கவிழ்த்துப் போடலாம். துரும்பு வைத்தவர் மட்டும் அதை எடுத்துப் பார்ப்பார். துரும்பு இல்லையென்றால் அது கவிழ்ந்தபடியே கிடக்கும்.

இங்கேதான் காதலை வையுங்கள். மச்சாளும் அவள் தாயும் ஒரு பக்கம். மச்சானும் அவன் தகப்பனும் மறுபக்கம். துரும்பு அவளுடையது, இஸ்பேட். தாயின் கிளாவர் ஜாக் வெல்லப்போகும் சுற்று. மச்சானிடம் கிளாவர் இல்லை. ஒரு தாளைக் கவிழ்த்துப் போடுகிறான். அவள் நுனியைத் தூக்கிப் பார்க்கிறாள்: இன்னொரு ஜாக். எதிரிக்கு 30 புள்ளி தானம்! முகம் மாறாமல் திரும்ப வைக்கிறாள். கடைசியில் தாய் எண்ணும்போது, "இது எங்கிருந்து வந்தது?" என்பாள். தகப்பன் மகனைப் பார்ப்பார். அந்தப் பார்வையை மட்டும் எழுதுங்கள். "காதலிக்கிறேன்" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

காலத்தையும் கவனியுங்கள். கல்லடிப் பாலம் 1924இல் வந்தது. கதை அதற்கு முந்தியது என்றால் மச்சான் தோணியில்தான் வர வேண்டும், இன்னும் ஒரு ஆட்டம் என்று இருந்து தோணியைத் தவறவிடவும் வேண்டும். ஆட்டின் (இதயம் போட்ட இனம்), கிளாவர் எல்லாம் ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்கள்; 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள். பாத்திரங்கள் அதை விளக்கத் தேவையில்லை, வாயில் வந்தால் போதும்.

திருத்திய கதையை அம்மம்மா இரண்டு முறை வாசித்தார். "அவன் கொடுத்த ஜாக் ஆட்டினா, டைமனா?" என்று கேட்டார். எழுத மறந்திருந்தேன். பேனையை எடுத்து, ஆட்டின் என்று சேர்த்தேன்.