கதிர் அடித்த விதைநெல்: சிறுபோகத்தில் ஏமாறாதீர்கள்

நோய் தாங்கும் புது இனம் எடுப்பதற்காகக் காமாக் கதிர் அடித்த விதைநெல்லைக் கையால் தொடலாமா என்று கிளிநொச்சிப் பக்கம் இன்னமும் கேட்கிறார்கள். தாராளமாகத் தொடலாம். கோபால்ட்-60இன் கதிர் விதைக்குள்ளால் போய்விடும். விதையில் கதிர்த்தொழிற்பாடு தங்காது. 1971இல் வெளியான எம்.ஐ. 273 நெல்லே எச்-4 என்ற நெல்லினத்தின் விதைக்கு இப்படிக் கதிர் அடித்துப் பெற்றதுதான். பிழை விடுகிற இடங்கள் வேறு.

முதற் போகத்திலேயே எரிபந்தம் என்ற பங்கசு நோயைத் தாங்கும் பயிரைத் தேடுவார்கள். கதிர் பெரும்பாலும் ஒரு பரம்பரையலகுச் சோடியில் ஒன்றையே கெடுக்கிறது. மற்றது நன்றாக இருக்கும்வரை மாற்றம் வெளியே தெரியாது. 1942இல் ஜெர்மனியில் எக்ஸ் கதிரால் கிடைத்த, சாம்பல் நோய் தாங்கும் பார்லியின் குணமும் இப்படிப் பின்னிடைவானதே. முதற் தலைமுறையில் நிற்பது குன்றிப்போன, பதர் கூடிய பயிர். 'பழுதாப் போச்சு' என்று அதை உழுதுவிடாதீர்கள். அதன் விதையெடுத்து, இரண்டாம் தலைமுறையை ஆயிரக்கணக்கில் நட வேண்டும். ஒரு பாத்தியோடு கைவிடுவது, ஒரு சீட்டு வாங்கிவிட்டு லொத்தர் விழவில்லை என்பதைப் போல.

வன்னியில் நான் அதிகம் காணும் பிழை இதைவிடப் பெரியது. இரண்டாம் தலைமுறையைச் சிறுபோகத்தில் போட்டு, இலை சுத்தமாக நிற்கிற பயிருக்கெல்லாம் 'எதிர்ப்பு உண்டு' என்று நூல் கட்டி வைப்பார்கள். சோளகக் காற்றும் வெயிலும் அடிக்கிற நாளில் இலையில் ஈரம் நிற்காது; ஈரமில்லாமல் எரிபந்தப் பங்கசு இலைக்குள் இறங்காது. அந்தப் பயிர் நோயைத் தாங்கவில்லை, நோயைச் சந்திக்கவே இல்லை. காலபோகத்தில், மார்கழி தைப் பனியில், நெருக்கி விதைத்து, யூரியாவைக் கொஞ்சம் கூடவே போட்டு, சுற்றிவர நோய் இலகுவில் பிடிக்கும் இனத்தையும் நட்டு நோயை வரவழைத்துப் பாருங்கள். கமக்காரன் வெத்திலை வைத்து நோயைக் கூப்பிடுகிறான் என்று ஊரில் சிரிப்பார்கள்தான்.

கதிரின் அளவிலும் அவசரம் வேண்டாம். நெல்லுக்கு 200–300 கிரே (கதிரை அளக்கும் அலகு) வழக்கம், ஆனால் இனத்துக்கு இனம், விதையின் ஈரத்துக்கு ஏற்ப மாறும். கொஞ்ச விதையை முதலில் அடித்து, முளைக்க வைத்துப் பாருங்கள்.

தாங்கும் பயிர் கிடைத்தாலும் அதோடு வேறு சேதங்களும் ஒட்டி வந்திருக்கும். அந்தப் பார்லியின் இலையிலேயே நோயில்லாமல் புள்ளி விழுந்தது, விளைச்சலும் குறைந்தது. கதிர் அடித்தது ஆட்டக்காரி நெல்லுக்கு என்றால், திரும்ப ஆட்டக்காரியோடேயே கலப்புச் செய்து, இன்னும் சில காலபோகம் அதே பனியில் நிறுத்திப் பாருங்கள். அதுவரை ஒரு கொத்து விதைகூடப் பக்கத்து வயலுக்குப் போகக் கூடாது.