பிரிட்டனில் உங்களுக்கு ஏற்கெனவே வாக்குரிமை உண்டு

குடியுரிமை வாங்கினால்தான் ஓட்டு என்று பல ஆண்டுகளாக இங்கிருப்பவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே காமன்வெல்த் நாடுகள். அந்நாட்டுக் குடிமக்கள் 18 வயது நிரம்பி, செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசித்தால், நாடாளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். மாணவர் விசாவே போதும். தஞ்சம் கேட்டுக் காத்திருப்பவர்கள் தங்கும் அனுமதி கிடைத்ததும் பதியலாம்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இலங்கையின் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே தேர்தல் சட்டத் திருத்தம் அவர்களின் வாக்கையும் பறித்தது. எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. கேட்காமலே கிடைத்திருக்கும் வாக்கை நாம் பெட்டிக்குள் பூட்டி வைக்கலாமா?

கவுன்சில் வரி கட்டுவதால் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறிவிடாது. அரசு இணையதளத்தில் தனியாகப் பதிய வேண்டும். சில நிமிட வேலைதான். தேசியக் காப்பீட்டு எண் இன்னும் வரவில்லை என்றால் காரணம் எழுதிப் பதியலாம். தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள். வாடகை வீடு மாறும்போதெல்லாம் மீண்டும் பதிய வேண்டும். நம்மவர்கள் பலர் ஓட்டை இழப்பது இந்த இடத்தில்தான்.

பெயர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. பாஸ்போர்ட்டில் 'கவிதா செல்வராஜ்' என்றிருக்கும். ஊர்ப் பழக்கத்தில் 'எஸ். கவிதா' என்று பதிந்துவிடுவோம். வாக்குச்சாவடி அலுவலர் இரண்டையும் ஒப்பிடும்போது சிக்கல் வரும். பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே பதியுங்கள்.

சிறையில் உறவினர் இருக்கும் குடும்பங்கள் இதைக் கேட்கவே கூச்சப்படுகின்றன. தண்டனை அனுபவிக்கும் கைதிகளில் பெரும்பாலோருக்கு வாக்கு கிடையாது. அந்த ஒட்டுமொத்தத் தடை மனித உரிமைக்கு முரணானது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005இலேயே தீர்ப்பளித்தும் பெரிதாக எதுவும் மாறவில்லை. எனக்கு அது அநியாயமாகவே படுகிறது. ஆனால் விசாரணைக் கைதிகள் வாக்களிக்கலாம். விடுதலையானவர்களுக்கு உரிமை தானாகவே திரும்பிவிடும், மன்னிப்புக் கடிதமோ நீதிமன்ற மனுவோ தேவையில்லை. பட்டியலில் பெயரை மட்டும் மீண்டும் சேர்க்க வேண்டும்.

நாடாளுமன்றத் தேர்தலிலும் இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களிலும் 2023 முதல் வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும். நம் நாட்டுப் பாஸ்போர்ட் செல்லும். காலாவதியாகியிருந்தாலும் முகம் ஒத்திருந்தால் போதும். இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமங்கள் செல்லாது. கைபேசியில் காட்டும் இ-விசாவும் உதவாது. எதுவுமே இல்லாதவர்கள் இலவச வாக்காளர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். வாக்குப்பதிவுக்கு ஆறு வேலை நாட்களுக்கு முன், மாலை 5 மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.